பால்கனி வாளி ஏன் நாறுகிறது?

அன்புள்ள ஐயா,

குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 2ஆம் மாடியில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர். பூமிக்குப் பாரமில்லாமல் வாழவேண்டும் என்று இந்த வருஷம் மூங்கில் பிரஷ், எவர்சில்வர் பாட்டில், துணிப்பை என்று மாறினோம். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் சமையலறைக் கழிவைப் போட்டு மூடி, உரம் செய்யவும் ஆரம்பித்தோம். மூன்றாவது வாரமே நாற்றம், புழு. அடியில் போட்ட ஓட்டை வழியாக ஒழுகி, கீழ்வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் கறை. அசோசியேஷனில் எடுத்துவிடச் சொல்கிறார்கள். "நாம ஒரு வீடு செஞ்சு என்ன ஆகிடப்போகுது" என்கிறார் என் கணவர். விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். கணவரின் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வாளி.

காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மக்கும்போது அது கசிந்து இண்டு இடுக்கெல்லாம் நிறைந்துவிட்டால் காற்று நுழையாது. காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செத்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகும். அவைதான் மீத்தேனையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவையும் விடுகின்றன. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்த குப்பைக்குள் நடப்பதும் இதேதான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். அந்த மாதிரித் தீக்குத் தீனி இந்த மீத்தேன்.

4 பேர் வீட்டுக்கு 20 லிட்டர் வாளி போதாது. 50 லிட்டர் டிரம் இரண்டு வேண்டும். பழைய டிரம்மே போதும், புதிது வாங்காதீர்கள். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் சுண்டுவிரல் பருமனுக்குத் துளைகள், அடியில் ஐந்தாறு. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே விளிம்புள்ள தட்டு. கீழ்வீட்டுக்கு இனி ஒரு சொட்டு போகாது. டிரம்மின் அடியில் தேங்காய் நாரும் சுள்ளியுமாக ஒரு சாண் உயரம் பரப்புங்கள். அதன்மேல் தினமும் ஒரு கிண்ணம் கழிவு போட்டால் ஒன்றரைக் கிண்ணம் காய்ந்த சருகு. உங்கள் வாளியில் இல்லாமல் போனது இந்தச் சருகுதான். சருகு கிடைக்காத நாளில் காய்ந்த தென்னைநார்க் கழிவு. கழிவை ஓர் அங்குலத் துண்டாக நறுக்குங்கள். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். மீன் முள், எண்ணெய், ஊறுகாய் வேண்டாம். முதல் நாள் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும்.

3 நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறி, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். சொட்டினால் சருகு போதவில்லை. உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டாமல் உருண்டையாக நின்றால் சரி. மூக்கைச் சுண்டும் அமோனியா நெடி வந்தாலும் மருந்து சருகுதான்.

புழுவுக்குப் பயப்படாதீர்கள். பழுப்பு நிறத்தில் தட்டையாக, வரிவரியாக இருந்தால் அது படைவீரன் ஈயின் புழு. நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். ஆனால் எக்கச்சக்கமாகப் பெருகினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். மேலே எப்போதும் இரண்டு அங்குலச் சருகு மூடியிருந்தால் ஈ முட்டையிட வராது. முதல் டிரம் நிறைந்ததும் இரண்டாவதைத் தொடங்குங்கள். முதலாவது இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை விழுந்த மண்போல மணக்கும்.

இனி கணவரின் கேள்வி. நாலு பேர் ஒரு வருஷத்தில் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பிரஷ் எல்லாம் சேர்ந்து அரைக்கிலோகூட வராது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு வெளியாகிறது. கோடையில் இரண்டு மாத பில் 900 யூனிட் என்றால் 630 கிலோ! ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டருக்கு ஏறக்குறைய 42 கிலோ. உங்கள் வீட்டு பில்லை எடுத்து இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும்.

ஏசியை 24லிருந்து 26க்கு ஏற்றி, கூடவே மின்விசிறியைப் போடுங்கள். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் மிச்சமாகும். 15 நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டும். தூசி அடைத்தால் மிச்சமானதெல்லாம் போய்விடும். பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒன்றை மாற்றினால் வருஷத்துக்கு 197 யூனிட் குறையும். எப்போதாவது ஓடும் விசிறியை மாற்றாதீர்கள், அதில் பலனில்லை. 'இயற்கைப் பொருள்' என்று விற்கும் எதையும் பழையது உடையும்வரை வாங்க வேண்டாம். துணிப்பைக்கும் பழைய புடவையே உத்தமம்.

அசோசியேஷனுக்கு ஒரு யோசனை. உங்கள் வளாகத்தில் கூட்டிய சருகை மூலையில் வைத்துக் கொளுத்துகிறார்களா என்று பாருங்கள். திடக்கழிவு விதிகள்படி அது கூடாது. அந்தச் சருகைக் கேட்டு வாங்குங்கள். சென்னை மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில்தான் அதிகம் உதிர்க்கும். அப்போதே நாலைந்து சாக்கு கட்டி மழைபடாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த சருகு ஒரு பிடிகூடக் கிடைக்காது. முதல் வருஷம் பெரும்பாலான டிரம்கள் நாறுவது அந்த மாதங்களில்தான்.