அம்மாவோடு பார்க்க என்றால் முதலில் மெய்யழகன்

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோடு வேளச்சேரி வீட்டில் உட்கார்ந்து பார்க்க, ரத்தம் தெறிக்காத படம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்கவே வேண்டாம், மெய்யழகன் போடுங்கள். 2024-ல் பிரேம்குமார் எடுத்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்கு வந்துவிட்ட அரவிந்த்சாமி பல வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு ஊர்ப்பக்கம் போகிறார், அங்கே அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தி யார், பேர் என்ன என்று ஞாபகமே வராமல் தவிக்கிறார், அவ்வளவுதான் கதை. கல்யாண மேடையில் தங்கை பரிசைப் பிரிக்கும் காட்சியில் என் மாமியார் அழுதே விட்டார், எனக்கும் தொண்டை அடைத்தது. உங்கள் அம்மாவுக்கு அது சொந்த ஊர்க் கதை, பேச்சை நிறுத்த மாட்டார் பாருங்கள்.

ஒன்று, படம் மெதுவாகப் போகும். வெளியான பிறகு 18 நிமிடம் போல வெட்டினார்கள், எனக்கு அந்த வெட்டு தேவையில்லை என்றுதான் பட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்காதீர்கள், மதியமே போட்டுவிடுங்கள்.

மறுநாளுக்கு டூரிஸ்ட் ஃபேமிலி. இலங்கையிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். சில இடங்களில் நல்லவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவர்களாக இருக்கிறார்கள், ஆனாலும் சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

லப்பர் பந்தும் நல்ல படம்தான், அம்மாவுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்.