பன்றிப் பண்ணை வைரஸ்கள்: மரபணு வரிசை ரிப்போர்ட் பற்றி நான்கு கேள்விகள்

கேள்வி: தாய்ப்பன்றிகளுக்கு பிஆர்ஆர்எஸ் (கருவையும் மூச்சையும் தாக்கும் வைரஸ் நோய்) உயிர்த் தடுப்பூசி (வலுவிழந்த உயிருள்ள வைரஸ்) போட்டும் கரு கலைகிறது. வைரஸின் ஓஆர்எஃப்5 என்ற ஒரு மரபணுவின் வரிசை ரிப்போர்ட்டில் தடுப்பூசி வைரஸோடு 99% பொருத்தம். ஊசிதான் காரணமா?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது. ஓஆர்எஃப்5 சுமார் 600 மரபணு எழுத்து நீளம். முழு மரபணுத் தொகுதியோ ஏறத்தாழ 15,000. நூறில் நான்கு பங்குதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஊசி வைரஸ் சில வாரங்கள் இரத்தத்தில் திரியும் என்பதால் மாதிரியில் அதுவே சிக்கியிருக்கலாம். களத் திரிபு (பண்ணையில் இயற்கையாகப் பரவும் வைரஸ்) பக்கத்திலேயே இருந்தும் தப்பியிருக்கலாம். இரண்டும் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் மறுசேர்க்கை நடக்கும், அதாவது இரண்டின் மரபணுத் துண்டுகளும் கலந்து புது வைரஸ் உருவாகும்: ஓஆர்எஃப்5 ஊசியுடையது, மிச்சம் களத் திரிபுடையது. ஊசி போடாத குட்டிகளிடமும் இரத்தம் எடுங்கள், ஊசி போட்ட தேதியைப் படிவத்தில் எழுதுங்கள், முழு மரபணு வரிசை கேளுங்கள். ஒரே பண்ணையில் இரண்டு வேறு உயிர்த் தடுப்பூசிகளைக் கலந்து போடுவது, மறுசேர்க்கைக்கு நாமே பாய் விரிப்பது.

கேள்வி: வைரஸ் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பாசிட்டிவ்தான். ஆனால் வரிசை எடுக்க முடியாது என்கிறது லேப். சிடி 35.

பதில்: சிடி என்பது வைரஸ் தென்படும்வரை பிசிஆர் ஓட வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கை. அது சுமார் 3.3 கூடினால் வைரஸ் பத்தில் ஒரு பங்காகிவிடும். 25 இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டால் உங்களுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 30-க்குக் கீழே இருந்தால் வேலை சுலபம். காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளில் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) எடுத்து, ஐஸில் வைத்து அனுப்புங்கள். உறைந்து உருகி மறுபடி உறைந்தால் ஆர்என்ஏ சிதையும். பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்தில் கட்டி 20–30 நிமிடம் மெல்லவிட்டுப் பிழியும் உமிழ்நீர், கண்காணிப்புக்கு நல்லது. ஆனால் அது மொத்தக் கொட்டிலின் கலவை: இரண்டு திரிபுகள் இருந்தால் வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடு வரும், எது எதனுடையது என்று பிரிப்பது பாடு.

கேள்வி: குட்டிகளை மெலியவைக்கும் பிசிவி2 (பன்றி சர்க்கோவைரஸ் 2) வைரஸின் டி வகை வந்திருக்கிறது. நாங்கள் போடுவது ஏ வகை ஊசி. மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏ வகை ஊசி டி வகை நோயையும் பெருமளவு அடக்கும். முதலில் ஊசி போட்டபோது குட்டிக்கு இருந்த வயதையும் ஊசி வைத்த குளிர்பெட்டியையும் பாருங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பி72 (வைரஸின் வெளிப்புரத மரபணு) ஆய்வில் ‘வகை 2’. எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?

பதில்: தெரியாது. 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்குள் நுழைந்து ஐரோப்பா, ஆசியா எங்கும் பரவியது இதே வகைதான். 1,70,000-க்கும் மேற்பட்ட எழுத்துள்ள டிஎன்ஏ வைரஸ், மெல்லத்தான் மாறும். தடம் பிடிக்க முழுத் தொகுதியை ஒப்பிட வேண்டும். 1, 2 வகைகள் கலந்த திரிபும் சீனாவில் பிடிபட்டிருக்கிறது. பி72 மட்டும் பார்த்தால் அதற்கும் ஏதோ ஒரு வகையின் பெயர்தான் கிடைக்கும்.