மரபணுவைச் சுமந்து வரும் வைரஸை நம் செல் எப்படி எதிர்கொள்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எஸ்எம்ஏ எனப்படும் முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர், 16 கோடி ரூபாய் ஊசிக்காக நன்கொடை கேட்கும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். அது வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை என்கிறார்கள். உடலுக்குள் சென்றபின் அந்த வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது?
– வாசகி, நாமக்கல்

பதில்: ஸோல்ஜென்ஸ்மா என்ற அந்த மருந்துக்கு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் உள்ளது ஏஏவி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோ-அசோசியேட்டட் வைரஸின் ஒன்பதாம் வகை. 1965இல் அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்திருந்த மாசாகக் கண்டறியப்பட்ட இந்த வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். 60 புரதக் கூறுகள் சேர்ந்த உறைக்குள் சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை டிஎன்ஏ இருக்கும். சிகிச்சைக்காக வைரஸுக்குரிய மரபணுக்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, நோயாளிக்குத் தேவையான மரபணுவை அந்த இடத்தில் வைக்கிறார்கள். இப்படி மாற்றியமைக்கப்பட்ட வைரஸுக்கு வெக்டர் என்று பெயர். ஆனால் அதன் உறை வைரஸின் உறைதான் என்பதால், செல் அதை வைரஸாகவே நடத்துகிறது. இந்தச் சிகிச்சையின் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணத்தை நாம் செலுத்தும் மரபணுவில் தேடுவதைவிட, செல் அதற்குக் கொடுக்கும் வரவேற்பில் தேடுவதே சரி என்று நான் கருதுகிறேன்.

முதல் சந்திப்பு செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகளோடு நிகழ்கிறது. இரண்டாம் வகை ஏஏவி, ஹெபாரன் சல்பேட் என்னும் சர்க்கரைத் தொடரைப் பற்றுகிறது. ஒன்பதாம் வகை கேலக்டோஸைப் பற்றுகிறது. எந்த வகை எந்த உறுப்பை நாடும் என்பதை ஓரளவுக்குத் தீர்மானிப்பது இந்த வேறுபாடே. ஒன்பதாம் வகை இரத்த-மூளைத் தடையையும் கடக்கக்கூடியது; அதனால்தான் கையின் இரத்தக் குழாயில் ஏற்றிய மருந்து தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களைச் சென்றடைகிறது. மேற்பரப்பில் ஒட்டினால் மட்டும் போதாது. பெரும்பாலான ஏஏவி வகைகளுக்கு ஏஏவிஆர் என்ற ஏற்பிப் புரதமும் தேவை என்பது 2016இல்தான் தெரியவந்தது. அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கும் உள்ளே புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கி உறுப்புக்கும் இடையே ஓயாமல் சென்று திரும்புவது. வைரஸ் அந்தப் போக்குவரத்தைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

செல் தன் சவ்வை உள்வாங்கி, வைரஸை எண்டோசோம் என்னும் பையில் அடைக்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை படிப்படியாகக் கூடும். அயல் பொருள்களைச் சிதைக்கும் பாதையின் தொடக்கம் அது. ஆனால் அதே அமிலமே வைரஸுக்கு உதவியாக அமைந்துவிடுகிறது: உறையின் உட்புறம் மடிந்திருந்த ஒரு புரதப் பகுதி அமிலச் சூழலில் வெளியே நீள்கிறது, சவ்வின் கொழுப்பை அறுக்கும் நொதி அதில் இருப்பதால், பையின் சுவர் பிளந்து வைரஸ் வெளியேறுகிறது. இது நிகழாவிட்டால் பெருஞ்செலவில் தயாரித்த மருந்து செல்லின் செரிமானத்தில் முடிந்துவிடும்.

வெளியேறியவையும் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாது. உறையில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களின் மீது செல்லின் நொதிகள் பாஸ்பேட்டைச் சேர்க்க, அதைத் தொடர்ந்து யுபிக்விட்டின் என்ற புரதக் குறி இடப்படுகிறது. குறியிடப்பட்டவை புரோட்டியசோம் என்ற சிதைக்கும் அமைப்புக்குச் செல்கின்றன. புளோரிடா பல்கலைக்கழகத்தில் அருண் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, மேற்பரப்பில் உள்ள டைரோசின்களை வேறொரு அமினோ அமிலமாக மாற்றினால் இந்தச் சிதைவு குறைகிறது என்று 2008இல் காட்டியது. செல்லின் விதியை அறிந்து அதற்கேற்ப உறையைத் திருத்திய அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

எஞ்சியவை உட்கருத் துளை வழியாக நுழைந்து உறையைக் கழற்றுகின்றன. உள்ளிருக்கும் டிஎன்ஏ ஒற்றை இழையாக இருந்தால், செல் அதற்கு இணை இழையை உருவாக்கும் வரை மரபணு வேலை செய்யாது. இந்தத் தாமதம் சில வாரங்கள் நீளக்கூடும். எஸ்எம்ஏ மரபணுவின் புரதத்துக்குரிய பகுதி 900 எழுத்துகளுக்கும் குறைவு என்பதால், அதைத் தன்னோடு தானே இணையும்படி இரட்டையாக வைத்து அனுப்ப முடிந்தது. நாள்தோறும் நரம்புச் செல்களை இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தச் சில வாரங்கள் பெரிய வேறுபாடு. இறந்த நரம்புச் செல்லை எந்த மரபணுவாலும் மீட்க முடியாது. சிகிச்சையைக் கூடிய விரைவில் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் அதனால்தான்.

கேள்வி: முதல் ஊசியின் பலன் குறைந்தால் இரண்டாவது முறை போட முடியாதாமே, ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒருமுறை ஏற்றியபின் அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் மிகுதியாக உருவாகி நீண்ட காலம் நீடிக்கின்றன. அடுத்த முறை வரும் வெக்டர் செல்லை அடையும் முன்பே அவற்றால் முடக்கப்படும். இயற்கையான ஏஏவி தொற்று நம்மில் பலருக்கு அறியாமலே ஏற்பட்டிருப்பதால், முதல் ஊசிக்கு முன்பேகூட இந்தத் தடை இருக்கலாம். ஆகவே முதலில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்வார்கள். பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருந்தால், அது குறைந்தபின் மீண்டும் பரிசோதிப்பதுண்டு.

எதிர்ப்பொருளோடு, தொற்றுற்ற செல்களைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களும் இருக்கின்றன. ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் எளிதில் உறையாத நோயின் பி வகை உள்ள ஒருவருக்குக் கல்லீரல் வழியாக ஏஏவி செலுத்தியபோது, இரத்தம் உறைய உதவும் புரதத்தின் அளவு இயல்பில் 11 சதவீதம் வரை உயர்ந்து, சில வாரங்களில் பழைய நிலைக்கே வீழ்ந்ததாக 2006இல் வெளியான ஆய்வு கூறியது. கல்லீரல் செல்கள் வைரஸ் உறையின் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் காட்ட, டி செல்கள் அவற்றைத் தொற்றுற்ற செல்களாகக் கருதித் தாக்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். எஸ்எம்ஏ ஊசிக்கு முந்தைய நாளே பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு தொடங்கப்படுவது இதை முன்னிட்டுத்தான். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 110 லட்சம் கோடி வெக்டர் துகள்கள் ஏற்றப்படும்போது கல்லீரலின் சுமை சாதாரணமானதன்று. கல்லீரல் செயலிழந்து இறந்த குழந்தைகளும் உண்டு. நன்கொடை கேட்கும் செய்திகள் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: செலுத்தப்படும் மரபணு நம் குரோமோசோமில் கலந்து புற்றுநோயை உண்டாக்குமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஏஏவி கொண்டுவரும் டிஎன்ஏ பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் உட்கருவுக்குள் தனி வளையமாகவே இருந்துவிடும். பிரியாத நரம்புச் செல்லுக்கு இதுவே போதும். இரத்த அணுக்களை உருவாக்கும் தண்டுச் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பவை. அவற்றில் தனி வளையம் நீர்த்துப்போகும் என்பதால், குரோமோசோமிலேயே சேரும் ரெட்ரோவைரஸ் அல்லது லென்டிவைரஸ் தேவைப்படுகிறது. ஆபத்து அங்கேதான். பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கு 1999இல் தொடங்கிய சிகிச்சை முதலில் நல்ல பலன் தந்தது. பிறகு சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ரெட்ரோவைரஸ், எல்எம்ஓ2 என்ற மரபணுவின் அருகே சேர்ந்து அதை இடைவிடாமல் தூண்டிவிட்டது.

லென்டிவைரஸ் எங்கே சேர்வது என்பதில் செல்லின் எல்இடிஜிஎஃப் என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது வைரஸை மரபணுவின் தொடக்கப் பகுதிக்கு அல்லாமல், இயங்கும் மரபணுவின் உடற்பகுதிக்கு இட்டுச் செல்கிறது. மரபணுவை இயக்கிவிடும் வைரஸின் சொந்தத் தூண்டுபகுதியையும் நீக்கிவிடுவதால் ஆபத்து குறைகிறது. ஆனால் மறையவில்லை: மூளையைப் பாதிக்கும் அட்ரினோலுகோடிஸ்ட்ரோபி நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய்கள் தோன்றியதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அந்த வெக்டரில் மிக வலிமையான தூண்டுபகுதி பயன்பட்டிருந்தது.

உங்கள் ஊரின் சிஎம்சி மருத்துவமனையும் இவ்வகை வெக்டரைத்தான் பயன்படுத்தியது. தீவிர ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐவரின் தண்டுச் செல்களை எடுத்து, உடலுக்கு வெளியே லென்டிவைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். கண்காணிப்புக் காலத்தில் அவர்களில் எவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை. மரபணு எங்கெங்கே சேர்ந்திருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: எஸ்எம்ஏ ஊசி போட்ட குழந்தையிடமிருந்து வைரஸ் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெருகுவதற்கான மரபணுக்கள் நீக்கப்பட்டிருப்பதால் நோயாகப் பரவாது. இருப்பினும் வெக்டரின் ஒரு பகுதி சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். ஊசி போட்டபின் குறைந்தது ஒரு மாதத்துக்கு, டயப்பரைப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தி, கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.