வீட்டில் மாவுப்புழு வளர்ப்பு: கோழி வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போர், மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழுவைத் தீவனத்துக்காக வளர்ப்பது குறித்து அனுப்பிய கேள்விகளையும், இப்புழுவைச் சில ஆண்டுகளாக வளர்த்து வரும் நம் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்களையும் கீழே தந்திருக்கிறோம்.

பென்னாகரத்திலிருந்து: மாவுப்புழு என்பது எது? தொடங்குவதற்கு என்னென்ன தேவை?

டெனெப்ரியோ மொலிட்டர் என்னும் கருவண்டின் புழுப்பருவத்தைத்தான் மாவுப்புழு என்கிறோம். பழைய மாவிலும் தவிட்டிலும் வாழும் பூச்சி இது. நன்கு வளர்ந்த புழு ஏறத்தாழ ஓர் அங்குல நீளமும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் கொண்டிருக்கும்.

உட்புறம் வழவழப்பான பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று, கோதுமைத் தவிடு, ஒரு சல்லடை, தொட்டியின் வாயை மூடக் கம்பிவலை ஆகியவை இருந்தால் போதும். தவிட்டை மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். வழவழப்பான சுவரில் புழுவாலும் ஏற முடியாது, வண்டாலும் ஏற முடியாது என்பதால் வலை முக்கியமாகப் பல்லிக்கும் எலிக்குமே தேவைப்படுகிறது. இறுக்கமான மூடி போட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு பூஞ்சை பிடித்துவிடும். ஐந்நூறு புழுக்களோடு தொடங்குவது போதுமானது. தவிட்டை வாங்கி வந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து ஆறிய பின் பயன்படுத்தினால், கடையிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் செள்ளும் பிற வண்டுகளும் பெருமளவு ஒழியும். பச்சை அரிசித் தவிட்டில் எண்ணெய் மிகுதியாக இருப்பதால் அது விரைவில் காறிப்போகும். ஆகையால் நான் அதைத் தவிர்க்கிறேன். கேழ்வரகுத் தவிடு நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறதென்றால், கோதுமைத் தவிட்டோடு கலந்து போடலாம். ஆனால் நைசான மாவாக அரைத்ததைத் தனியே கொட்டினால் இறுகிப்போய்க் காற்றுப் புகாது.

காரிமங்கலத்திலிருந்து: நான்கு மாதங்களாக வைத்திருக்கிறேன். வண்டுகள் இருக்கின்றன, ஆனால் புழுக்களின் எண்ணிக்கை பெருகவே இல்லை. எங்கே தவறு?

நீங்கள் எல்லாப் பருவங்களையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். வண்டு தான் இட்ட முட்டையைத் தானே தின்னும். வளர்ந்த புழு, அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுவைக் கடிக்கும். எனவே ஒரே தொட்டியில் பெருக்கமும் அழிவும் ஒருசேர நடந்து, கணக்கு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதன் வாழ்க்கைச் சுற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் வழி தானாகப் புலப்படும். முட்டை பொரிவதற்கு இதமான வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பொரித்த புழு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, முழு வளர்ச்சி அடைய இரண்டரை முதல் மூன்று மாதம், குளிர் மிகுந்தால் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். பிறகு வெள்ளையாகச் சுருண்டு கூட்டுப்புழுவாகி, இரண்டு வாரத்துக்குள் வண்டாக வெளிவரும். வண்டு முதலில் வெளிறியும் பின்னர்ப் பழுப்பாகவும் இறுதியில் கறுப்பாகவும் மாறும். இரண்டு மூன்று மாத வாழ்நாளில் ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் இடும்.

ஆகவே வண்டுகளை ஒரு தொட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். அதன்பின் வண்டுகளை மட்டும் பொறுக்கிப் புதுத் தவிட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய தவிட்டைக் கொட்டாமல், சலிக்காமல், தேதி எழுதி ஓரமாக வையுங்கள். அதில்தான் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமில்லை என்று நினைத்து அந்தத் தவிட்டை எருக்குழியில் கொட்டுகிறவர்கள் அநேகம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தால் தவிட்டின் மேற்பரப்பு மெல்ல அசைவது தெரியும். கூட்டுப்புழுக்களை வாரம் இருமுறை பொறுக்கி மூன்றாவது தொட்டியில் போடுங்கள். அவற்றுக்குத் தீவனம் வேண்டியதில்லை.

அரூரிலிருந்து: எங்கள் ஊர் வெயிலில் இது பிழைக்குமா? ஓசூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் நன்றாக வளர்கிறது.

பிழைக்கும், ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் கவனம் வேண்டும். இந்தப் புழுவுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே உகந்தது, 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சென்றால் முட்டையிடுவது குறைந்து புழுக்கள் சாகத் தொடங்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையில் உங்கள் தங்கைக்குக் கவலை குறைவு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் அங்கே வளர்ச்சி மந்தமாகிவிடும். அப்போது அவர் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புழுக்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும்போது அவற்றின் உடலிலிருந்தே சூடு எழும், அதனால் தவிட்டின் உட்பகுதி அறையைவிடப் பல டிகிரி அதிகமாக இருக்கக்கூடும். எனவே அறையின் வெப்பத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், தவிட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் ஒரு தொட்டியை இரண்டாகப் பிரித்து, தவிட்டின் ஆழத்தைக் குறையுங்கள். தகரக் கூரையின் கீழ் வைக்கவே வேண்டாம். ஓட்டு வீட்டின் தரையோ, மெத்தை வீட்டின் கீழ்த்தளத்து வடக்கு அறையோ நல்லது. நனைந்த சாக்கைச் சன்னலில் தொங்கவிடலாம், ஆனால் அதன் ஈரம் தொட்டியில் சொட்டக் கூடாது.

பாலக்கோட்டிலிருந்து: தக்காளி விலை வீழ்ந்தால் இங்கே சாலையோரத்தில் கொட்டுகிறார்கள். அவற்றைப் புழுவுக்குப் போடலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. தண்ணீர் தனியே வைக்க முடியாத இப்புழுவுக்கு ஈரம் காய்கறியிலிருந்துதான் கிடைக்கிறது, அதற்குக் கேரட், உருளைக்கிழங்கு, பூசணி போன்ற கெட்டியான காய்களின் துண்டுகளே ஏற்றவை. தக்காளி கசிந்து தவிட்டை நனைக்கும், நனைந்த தவிட்டில் பூஞ்சையும் செள்ளும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். அதைவிடப் பெரிய ஆபத்து பூச்சிமருந்து. செடியில் புழுவைக் கொல்வதற்கென்று அடித்த மருந்து உங்கள் தொட்டியில் இருக்கும் புழுவையும் கொல்லும். கேரட்டைக்கூட நன்கு கழுவித் தோல் சீவிப் போடுங்கள். போட்ட துண்டு இரண்டு நாளில் தீராவிட்டால் எடுத்துவிட்டு, அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மாம்பழத் தோலும் கொட்டையும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் இதே பதில்தானா?

அதே பதில்தான். ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஈரமான பழக்கழிவைத் தின்று கொழுப்பது பி.எஸ்.எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) எனப்படும் கறுப்புப் படைவீர ஈயின் புழு. அது இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும், வெப்பத்தையும் மாவுப்புழுவைவிட நன்றாகத் தாங்கும், சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி. பழக்கூழ் ஆலைகள் சூழ்ந்த உங்கள் ஊரில் நானாக இருந்தால் அதைத்தான் வளர்ப்பேன். நாற்றமும் ஈரமும் இருக்கும் என்பதால் வீட்டுக்குள் வைக்க இயலாது, தோட்டத்தின் மூலை வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: இருபது சிறுவிடைக் கோழிகள் வைத்திருக்கிறேன். புழு வளர்த்தால் தீவனச் செலவை முழுவதும் நிறுத்திவிடலாம் என்று சொல்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உயிர்ப்புழு என்று வைத்துக்கொண்டால் இருபது கோழிக்கு 200 கிராம். நன்கு வளர்ந்த புழு ஒன்று ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை இருக்கும் என்பதால், இது அன்றாடம் இரண்டாயிரம் புழு. புழு வளர மூன்று மாதம் ஆகிறது. ஆகவே நாள்தோறும் இரண்டாயிரம் எடுக்க வேண்டுமானால் எந்த நேரத்திலும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு கிலோ உயிர்ப்புழு கிடைக்க இரண்டு கிலோவுக்கும் மேல் தவிடு செலவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? உயிர்ப்புழுவில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் நீர், புரதம் ஏறக்குறைய இருபது விழுக்காடு. எனவே 10 கிராம் புழுவில் 2 கிராம் புரதம் இருக்கிறது. 5 கிராம் கடலைப் புண்ணாக்கும் அதே அளவு புரதத்தைத் தந்துவிடும். தீவனச் செலவு நின்றுவிடும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் குறைவு, புழுவில் அவை கூடுதலாக இருக்கின்றன. மழைக்காலத்தில் ஈரம் பட்ட புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகும் அபாயமும் உண்டு. ஆகவே புழுவை எல்லாக் கோழிக்கும் பங்கிடாமல், புரதம் மிகுதியாகத் தேவைப்படும் இரண்டு சாராருக்கு ஒதுக்குங்கள்: முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கும், இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழிகளுக்கும். குஞ்சுகளுக்குச் சிறிய புழுவாகத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். இந்த அளவுக்கு நான்கைந்து தொட்டிகளே போதும். கூடவே, பானையில் சாணமும் சாக்கும் வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் நம் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டாம், அதற்குத் தவிட்டுச் செலவே கிடையாது.

அதே வாசகர்: முட்டையிடும் கோழிக்குப் புழு கொடுத்தால் ஓடு மெலிந்துவிடுகிறது என்பது உண்மையா?

புழுவே ஓட்டை மெலிய வைப்பதில்லை. மாவுப்புழுவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. கோழி புழுவிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு மற்றதைத் தொடாவிட்டால் ஓடு மெலியத்தான் செய்யும். கிளிஞ்சல் தூளையோ, நன்கு காயவைத்து நொறுக்கிய முட்டையோட்டையோ தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: பண்ணைக் கோழிக் கொட்டகையின் உமிக்குள் இதே போன்ற புழுவும் கறுப்பு வண்டும் நிறைய இருக்கின்றன. அவற்றையே பிடித்து வளர்க்கலாமா?

கூடவே கூடாது. அது சிறிய மாவுப்புழு, ஆல்ஃபிட்டோபியஸ் என்னும் வேறு இனம். கோழி எச்சத்திலும் செத்த கோழியிலும் புரண்டு வளர்ந்த அந்த வண்டு சால்மோனெல்லாவையும் மாரெக் நோய்க் கிருமியையும் சுமக்கும். கோழியின் நாடாப்புழு சிலவற்றுக்கு வண்டுகளே இடைத்தங்கல் உயிரிகள். கோழி எச்சத்தில் உள்ள நாடாப்புழுவின் முட்டையை வண்டு தின்னும், வண்டைக் கோழி தின்னும், நாடாப்புழு மறுபடியும் கோழியின் குடலுக்கே வந்து சேரும். இதே காரணத்தால், சுத்தமான மாவுப்புழுத் தொட்டியைக்கூடக் கோழிக் கூண்டுக்குள்ளோ அதன் அடியிலோ வைக்காதீர்கள். வளர்ப்புக்கான முதல் புழுவைத் தவிட்டில் வளர்ப்பவரிடமிருந்து மட்டுமே வாங்குங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: பட்டுப்புழு மனையில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அங்கே வைக்கலாமா? பட்டு நூற்பில் மிஞ்சும் கூட்டுப்புழுவையும் கோழிக்குக் கொடுக்கலாமா?

மனையில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னும் பின்னும் நீங்கள் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரும் ஃபார்மலினும் மாவுப்புழுவையும் கொன்றுவிடும். ஆனால் அங்கே தாங்கியின் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் மாவுப்புழுவுக்கும் அப்படியே பயன்படும். எறும்பு ஒரே இரவில் ஒரு தொட்டியைக் காலி செய்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூற்பில் மிஞ்சும் கூட்டுப்புழு அருமையான தீவனம். உலர்த்தியதில் பாதியளவு புரதம் இருக்கும். ஆனால் கொழுப்பும் மிகுதி என்பதால் ஈரத்தோடு ஒரு நாள் கிடந்தாலே நாறும், காறிப்போகும், அந்த வாடை முட்டையிலும் ஏறும். நூற்பு முடிந்த அன்றே வெயிலில் பரப்பிச் சருகாகக் காயவைத்து, பொடித்துத் தீவனத்தில் சிறிதளவு கலக்குங்கள். தொகையாகக் கிடைக்கும் இடத்தில் இருக்கும் உங்களுக்கு மாவுப்புழு வளர்க்கும் அவசியம் இருக்கிறதா என்பதே எனக்கு ஐயம்.

தருமபுரி நகரிலிருந்து: உயிரோடு விழுங்கிய புழு கோழியின் வயிற்றைத் துளைத்துவிடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார்.

அம்மா, கோழி அலகால் கொத்தும்போதே பெரும்பாலும் புழு நசுங்கிவிடும், தப்பியதையும் இரைப்பையும் அரைப்பையும் பார்த்துக்கொள்ளும். தயங்காமல் கொடுக்கலாம்.

ஓசூரிலிருந்து: வண்ண மீன் கடையில் வாங்கிய புழு பெரிதாக, இரண்டு அங்குலம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், அனைத்தும் செத்துவிட்டன.

அது சூப்பர்வார்ம் என்னும் வேறு இனம், குளிரைத் தாங்காது. கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாகவும் மாறாது, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு கிண்ணத்தில் அடைத்தால்தான் மாறும். மாவுப்புழுவை மட்டுமே காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில், தவிட்டோடு, சில வாரம் வைத்திருக்க முடியும். உறைய வைக்கும் தட்டில் வைத்தால் இதுவும் சாகும். இன்னொன்று, தொட்டியைச் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு சிலருக்கு ஒவ்வாமையும் இழுப்பும் உண்டாக்கும். சலித்து விழும் மணல் போன்ற எச்சம் பூச்செடிக்கு நல்ல உரம்.

பர்கூரிலிருந்து: மாதந்தோறும் நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, தாய்ப்புழுவுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். சேரலாமா?

2012 வாக்கில் ஈமு கோழியில் பணத்தைப் போட்டுத் தவித்தவர்களை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் கோழித் தீவனத்தில் பதப்படுத்திய பூச்சிப் புரதத்தை அனுமதித்தது என்பதைக் காட்டி ஆசை ஊட்டுவார்கள், அந்தச் செய்தி உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியில் விளையும் ஐந்து கிலோவை யார், எதற்காக, எந்த விலைக்கு வாங்குவார்கள் என்பதற்கு அது விடையாகாது. அவர்கள் இதுவரை வாங்கிய புழுவை எங்கே விற்றார்கள் என்று கேளுங்கள். புது உறுப்பினர்களுக்குத் தாய்ப்புழுவாகத்தான் விற்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வளர்ப்பு நுணுக்கம் அறிய வேண்டுமானால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியையோ அணுகிக் கேட்கலாம். தொடங்கத் தேவையான ஐந்நூறு புழுவை ஏற்கெனவே வளர்க்கும் ஒருவரிடம் சிறு தொகைக்கு வாங்கிவிடலாம்.