வெப்சைட்டுக்கு மாதம் 40 ஆயிரம் ஹிட்ஸ் என்கிறார்கள், ஆனால் ஹோம்ஸ்டேயில் ஓர் அறைகூட நிரம்பவில்லை. ஹிட், விசிட், இம்ப்ரெஷன் எல்லாம் என்ன?

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியோடு அலைந்தவன் நான். இலங்கை மலையகத்து அப்புத்தளையில் அண்ணாவும் நானும் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெப்சைட் செய்து தந்த பையன் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவான்: "38,000 ஹிட்ஸ் அண்ணே!" அண்ணாவுக்குத் தலைகால் புரியாது. ஃபோன் மட்டும் அடிக்காது.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அது மடுவத்துல நிறுத்ததாடா, ஸ்டோர்ல நிறுத்ததா?" தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை. தராசு காட்டும் நிறை ஒன்று. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்துவிட்டு செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஏற்றுவது இன்னொன்று (அந்தக் கழிவைப் பற்றி அம்மாவைப் பேசவிட்டால் இரவாகிவிடும்). ஸ்டோரில் வாடி அரைபட்டு, நாலரைக் கிலோ அளவு கொழுந்து ஒரு கிலோ தூளாவது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் பெயர் கிலோதான்.

ஹிட் என்பது மடுவத்துக்கும் முந்திய கணக்கு. அது ஆள் கணக்கே இல்லை. ஒரு பக்கம் திறக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் கோப்பையும் சர்வரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேட்பும் ஒரு ஹிட். எங்கள் முதல் பக்கத்தில் அண்ணா லிப்டன் சீட் சூரிய உதயம், பனி மூடிய ரயில் பாதை என்று 32 படம் போட்டிருந்தார். மற்றக் கோப்புகளோடு சேர்த்து ஒரு தடவை திறந்தால் ஏறக்குறைய 50 ஹிட். 38,000ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள், 760 பக்கப் பார்வை. அதிலும் கூகுள்பாட் மாதிரி பக்கங்களைத் தானாகப் படித்துப்போகும் ரோபோக்கள் ஒரு பங்கு, சும்மா இருக்கும் நேரமெல்லாம் தன் வெப்சைட்டையே திறந்து ரசிக்கும் அண்ணா ஒரு பங்கு.

வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டபின் 210 யூசர் என்று வந்தது. ஒருவரே ஃபோனிலும் லேப்டொப்பிலும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு யூசர் ஆகிவிடுவார், அதையும் நினைவில் வையுங்கள். விசிட், அதாவது ஒருவர் ஒரு தடவை வந்து பார்ப்பதை, அங்கே செஷன் என்பார்கள். 30 நிமிடம் ஒன்றும் செய்யாமல் விட்டால் அது முடிந்தது, திரும்பி வந்தால் புதுச் செஷன். பவுன்ஸ் ரேட் (வந்த வேகத்தில் திரும்பிப் போனவர்களின் வீதம்) பற்றிப் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். முன்பு ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனாலே பவுன்ஸ்; எங்கள் நம்பரைப் பார்த்து உடனே ஃபோன் எடுத்தவரும் அதில் ஓடிப்போனவர்தான். 2023 ஜூலையில் அந்தப் பழைய அனலிட்டிக்ஸ் நின்றுவிட்டது. இப்போதுள்ள ஜிஏ4இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) 10 செக்கனுக்கு மேல் இருந்தாலே பவுன்ஸ் இல்லை.

'டிரெக்ட்' என்ற வரியைப் பார்த்தும் பூரித்துப்போக வேண்டாம். எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களைப் போடும் பெட்டி அது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டியவர்கள் பலரும் அதற்குள்தான் விழுவார்கள். 'ஓர்கானிக்' என்றால் தேடி, விளம்பரம் அல்லாத முடிவைத் தட்டி வந்தவர்கள்.

எங்களுக்குக் கண் திறந்தது கூகுள் சேர்ச் கொன்சோலில். கூகுள் தேடலில் நம் வெப்சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி அது. இம்ப்ரெஷன் என்றால் யாரோ தேடியபோது வந்த முடிவுகளில் உங்கள் லிங்க்கும் இருந்தது, அவ்வளவுதான். அவர் கீழே வரை பார்த்தாரா என்பது வேறு கதை. கிளிக் என்றால் தட்டினார். எங்களுக்கு "அப்புத்தளை எல்ல ரயில்" என்ற தேடலுக்கு ஒரு மாதத்தில் 4,100 இம்ப்ரெஷன், 9 கிளிக். ரயில் நேரம் தேடுகிறவருக்கு எங்கள் அறை எதற்கு? "அப்புத்தளையில் சாப்பாட்டோடு அறை" என்பதற்கு 60 இம்ப்ரெஷன்தான், ஆனால் 7 கிளிக். அதில் இரண்டு பேர் வந்து தங்கினார்கள். சராசரி இடம் என்ற எண்ணும் ஏமாற்றும். ஒருவரின் தேடலில் 2ஆம் இடம், இன்னொருவருக்கு 30ஆம் இடம் என்றால் சராசரி 16 என்று காட்டும். அந்த 16இல் உங்களை ஒருவருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

இவ்வளவும் பார்க்கப்போய்த்தான் பெரிய கூத்து வெளியே வந்தது. கூகுள் முதலில் பக்கத்தை வந்து படிக்க வேண்டும், பிறகு தன் இன்டெக்ஸில், அதாவது தேடலுக்கு வைத்திருக்கும் பட்டியலில், சேர்க்க வேண்டும், அதன்பிறகுதான் தேடலில் காட்டும். எங்கள் அறைகளும் விலையும் உள்ள பக்கம் இன்டெக்ஸிலேயே இல்லை! வெப்சைட் கட்டும்போது போட்ட 'நோஇன்டெக்ஸ்' குறியைப் பையன் எடுக்க மறந்திருந்தான். எட்டு மாதம். கூகுளுக்கு வாசலில் நாமே 'படித்தாலும் பட்டியலில் சேர்க்காதே' என்று பலகை மாட்டிவைத்த மாதிரி.

ஆகவே உங்களுக்கு வெப்சைட் செய்தவரிடம் ஹிட்ஸ் கேட்காதீர்கள். சேர்ச் கொன்சோலில் உங்களையும் ஓனராகச் சேர்க்கச் சொல்லுங்கள், காசு எதுவும் இல்லை. உள்ளே போனதும் மேலே உள்ள பெட்டியில் உங்கள் அறைப் பக்கத்தின் விலாசத்தை ஒட்டிப் பாருங்கள். இன்டெக்ஸில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.