ஆக்சிடென்ட் கேஸ் வக்கீலாக ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

நாமக்கல்லிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் ஒரு பெண் வக்கீல் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து, சட்டம் படித்து விபத்தில் அடிபட்டவர்களுக்காக வாதாடப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். சொந்தக்காரர்கள் எல்லாம் அது ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடிக்கிற பிழைப்பு என்கிறார்கள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். கோர்ட்டில் எங்களுக்கு யாரையும் தெரியாது. சேர்த்து விடலாமா, வேண்டாமா?"

சேர்த்து விடுங்கள் அம்மா. ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை மகளும் நீங்களும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நாலு நாள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். ஆதரவாகப் பேசியபடி ஒருவர் வருவார். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று எழுதாத வக்காலத்துத் தாளை, அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளை, நீட்டுவார். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வாய்ப்பேச்சாகவே முடிந்துவிடும். அவர் பெரும்பாலும் வக்கீலாக இருக்க மாட்டார், தரகர். இப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும், விளம்பரம் செய்வதையும், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேசுவதும் கூடாது. இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

இதைச் சொல்லக் காரணம், இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கைப்பேசியில் அமெரிக்க வக்கீல்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் முகம் போட்ட விளம்பரப் பலகை, "அடிபட்டீர்களா? எங்களை அழையுங்கள்" என்று தொலைக்காட்சி விளம்பரம். அங்கே 1977இல் பேட்ஸ் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம் என்றாகிவிட்டது. பங்குக் கட்டணமும் அங்கே சட்டப்படியே நடக்கிறது. இங்கே அந்த வழி அடைத்திருக்கிறது. அப்படியானால் மக்களிடம் போவதற்கு இங்குள்ள வக்கீலுக்கு என்ன வழி? உங்கள் மகள் பள்ளியில் பார்த்ததுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் முகாம்கள், கிராமக் கூட்டங்கள், சட்டக் கல்லூரிகளின் இலவச சட்ட உதவி மையங்கள். அங்கே நின்று வழக்குக் கேட்கக் கூடாது. அடிபட்ட அன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

அந்தச் சொல்லிக் கொடுப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். பைக்கில் போனவரைக் கார் இடித்துவிடுகிறது. பக்கத்தில் இருந்தவர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். அவசரப் பிரிவில் டாக்டர் 'எப்படி ஆச்சு?' என்று கேட்கிறார். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயத்தில் தூக்கி வந்தவர், "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறார். விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்பார்களே அதில், 'தானாக விழுந்தார்' என்று ஏறிவிடுகிறது. பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டு, இழப்பீட்டு மனுவும் போட்ட பிறகு, இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கார் இடித்ததே பொய் என்பார். சாட்சி கிடைத்தால் தப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் கால் போன மனிதர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். தூக்கி வந்து உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்தில் அதற்கென்று 134ஏ பிரிவு வந்துவிட்டது. இது தெரிந்திருந்தால் அந்த மனிதர் பயப்படாமல் நடந்ததைச் சொல்லியிருப்பார். கோர்ட்டில் பல வருடம் வாதாடி மீட்க வேண்டியதை, ஊர்க் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசிக் காப்பாற்றிவிடலாம்.

இப்படி ஊர்ப்பக்கம் போய்ச் சேராத விஷயங்கள் இன்னும் நிறைய. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் எதுவும் கிடைக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். வீட்டு வண்டியை விற்று ஆஸ்பத்திரி பில் கட்டிய பிறகுதான் பல குடும்பங்களுக்கு இதெல்லாம் காதில் விழுகிறது. அப்புறம், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும் சரி, ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உங்கள் கணவர் லாரி ஓட்டுகிறார் என்றீர்கள். அவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வேலையில் இருக்கும்போது ஓட்டுநர் அடிபட்டால், எதிர் வண்டியின் மேல் தவறு இருப்பதாகக் காட்ட முடியாவிட்டாலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி (முன்பு 1923ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது) தொழிலாளர் துறையிடம் கோரலாம். மோட்டார் வாகனச் சட்டம், இந்தச் சட்டம் இரண்டிலும் வழி இருந்தால் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல ஒரு நல்ல வக்கீல் வேண்டும். லாரித் தொழிலை நம்பி வாழும் ஊரில் இதற்கென்று உட்காரும் வக்கீலுக்கு வேலை இல்லாமல் போகாது.

மகளிடம் இன்னொன்று கேளுங்கள்: கணக்குப் போடப் பிடிக்குமா? கணக்கிலிருந்து தப்பிக்கச் சட்டம் எடுப்பவர்கள் உண்டு. இந்தத் துறையில் அது நடக்காது. 30 வயது சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இறந்துவிடுகிறார்; மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வையுங்கள். மாத வருமானம் 15,000 என்று நிரூபித்தால், 2017இன் பிரனய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 2009இன் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி 30 வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 17. ஆக 32,13,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, கணவரின் துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. அதே மனிதருக்கு வருமான ஆதாரம் சரியாக வைக்காமல், நீதிமன்றம் மாதம் 10,000 என்று எடுத்துக்கொண்டால் 21,42,000தான் வரும். பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! கூலி கொடுத்த மண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, கணக்கு நோட்டை வாங்கி, அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான் இங்கே பெரிய வாதம். சட்டப் புத்தகம் அதற்கு அப்புறம்தான் வரும்.

காயம்பட்ட வழக்குகள் இதைவிட நுணுக்கமானவை. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கத்தை மகள் இப்போதே படித்து வைக்கலாம். இடது கை போனவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று மருத்துவர் சான்று தரலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுவதுமே போய்விட்டது. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். சான்றிதழில் உள்ள எண்ணுக்கும் வாழ்க்கையில் உண்டான இழப்புக்கும் நடுவே உள்ள தூரத்தை நீதிபதிக்குப் புரிய வைப்பதுதான் வக்கீலின் வேலை. வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண் இறந்தால் 'சம்பாதிக்காதவர்' என்று தள்ளிவிட முடியாதபடி, அவர் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை 2021இல் கீர்த்தி வழக்கின் தீர்ப்பு வலியுறுத்தியது. ஒரு குடும்பத்துக்காக வாதாடியது எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்படுகிறது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

இதில் வக்கீல்கள் மட்டும்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பேரில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிர்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மகள் வக்கீலானால், நடந்த பிறகு நஷ்டஈடு வாங்கித் தருவதோடு நிற்காமல், நடக்காமல் தடுக்கவும் பேச வேண்டும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வந்த உடனே பணம் வந்துவிடாது. பஸ் ஸ்டாண்டில் பயணிகளை இறக்கிவிட்டு, கோர்ட் அமீனா அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். இழப்பீடு கட்டாததால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, அலைந்து, கடைசியில் எட்டும் இடம் அது. இன்னொரு பக்கம் போலி வழக்குகள். வேறு எங்கோ விழுந்தவருக்கு ஒரு வண்டியைக் காட்டி மனுப் போடுவதும், அதற்குத் துணைபோன வக்கீல்கள் மீது விசாரணை வருவதும் நடந்திருக்கிறது. மகள் யாரிடம் ஜூனியராகச் சேர்கிறாள் என்பது அவள் எந்தக் கல்லூரியில் படித்தாள் என்பதைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். அவர் தன் கட்சிக்காரர்களிடம் எழுதாத வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறாரா, பணம் நேராகக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். அப்படி நேராகவே செலுத்த வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

படிப்புக்கு வழி சுலபம்தான். நாமக்கல்லிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடத்துகிறது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்தத் துறைக்கு அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு. அதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு.

முதல் சில வருடங்கள் கையில் பணம் குறைவாகத்தான் இருக்கும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கை விட்டது. எல்லா அலுவலகத்திலும் அது கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். மூன்று வருட அனுபவம் ஆனதும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். கட்டணம் சிறியது, ஆனால் முகாம்களில் நின்று பேசும் வாய்ப்பு அங்கேதான் முறையாகக் கிடைக்கும். பெண் பிள்ளை போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அலைவாளே என்று உங்களுக்குக் கவலை இருக்கும். அலையத்தான் வேண்டும். கணவனை இழந்து வரும் பெண்கள் ஒரு பெண் வக்கீலிடம் மனம் விட்டுப் பேசுவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போதைக்குத் தேர்வை நன்றாக எழுதட்டும். கோடை விடுமுறை தொடங்குவதற்குள் ஒரு நாள் அவளை நாமக்கல் நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துப் போங்கள். விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து எம்.சி.ஓ.பி. எனப்படும் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைக் கவனிக்கலாம். அதே வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டு, கல்லூரியில் சேர்ந்ததும் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்க என்னென்ன தேவை என்று விசாரித்து வையுங்கள். சட்ட மாணவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். முடிந்தால் உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய லாரியின் இன்சூரன்ஸில் ஓட்டுநருக்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் அங்கேயே தெரிந்துகொண்டு வரலாம்.