செங்கடல் சக்கரமும் மெர்னெப்தாவின் கல்லும்

கேள்வி: எகிப்தில் அடிமைகளாயிருந்து தப்பிய இஸ்ரவேலரைத் துரத்தியதாக வேதத்தின் யாத்திராகமம் சொல்லும் பார்வோனின் (எகிப்து அரசனின்) தேர்ச் சக்கரங்கள் செங்கடலுக்கடியில் கிடைத்துவிட்டதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் தம்பியோ, "இஸ்ரவேலர் எகிப்தில் இருந்ததே இல்லை, தொல்லியல் நிரூபித்துவிட்டது" என்கிறான். யாரை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம்.

முதலில் வீடியோ. முறையான அகழாய்வு எதுவும் அப்படி ஒரு சக்கரத்தை எடுத்துப் பதிவு செய்ததில்லை. பவளம் வட்டமாகவும் வளரும். அதைப் படம்பிடித்து வசனத்தோடு ஒட்டி அனுப்புகிறவர்கள் வேதத்துக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள். நாளை பொய் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, வசனத்தையும் சேர்த்துத் தூக்கி எறியும்.

சரி, தம்பிக்கு வருவோம். 1896-ல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர், நைலின் மேற்குக் கரையில் தீப்ஸ் நகரத்து இடிபாடுகளில், பத்தடி உயரக் கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். மெர்னெப்தா என்ற பார்வோன் ஏறத்தாழ கி.மு. 1208-ல் வெட்டுவித்தது. பெரும்பகுதி லிபியரை வென்ற பெருமை. கடைசிப் பகுதியில், இஸ்ரவேல் பாழானது, அதன் வித்து இல்லாமற்போயிற்று என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெயரோடு எழுத்தர் சேர்த்த குறி, நாட்டுக்கு உரியது அல்ல, மக்கள் கூட்டத்துக்கு உரியது. ஆக, அன்றைக்கே கானானில் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதியில்) அந்தப் பெயரில் ஒரு மக்கள் இருந்தார்கள். அவர்கள் எகிப்திலிருந்து வந்தார்களா என்பதை அந்தக் கல் சொல்லவில்லை.

நைல் டெல்டாவில் வேறு சாட்சி இருக்கிறது. டெல் எல்-தபா என்ற இடத்தில் தொல்லியலாளர் மான்ஃப்ரெட் பீட்டாக்கின் குழு 1966-ல் தோண்டத் தொடங்கியது. வெளிவந்தது அவாரிஸ் நகரம்: கானானிய பாணி வீடுகள், கல்லறையோடு புதைத்த கழுதைகள். கானான் பக்கத்து மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். டெல்டாவில் அல்ல, தீப்ஸில், ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறையில் அயல்நாட்டுக் கைதிகள் செங்கல் அறுக்கும் ஓவியமும் உண்டு.

அவாரிஸுக்குப் பக்கத்திலேயே, இன்றைய காந்திர் ஊரில், இரண்டாம் ராம்சேஸின் தலைநகர். யாத்திராகமம் 1:11-ல் வரும் 'ராமசேஸ்' அதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நைலின் கிளை தூர்ந்துபோனதும் அதைக் கைவிட்டு, சிலைகளையும் கற்களையும் தானிஸ் என்ற பிற்கால நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். 78-ஆம் சங்கீதம் தானிஸைத்தான் 'சோவான்' என்று பாடுகிறது. யாத்திராகமமோ பழைய பெயரை வைத்திருக்கிறது. முழு நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் உட்கார்ந்து கற்பனை செய்த கதை என்று சொல்கிறவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், நாம் மறைக்கக்கூடாத ஒன்று. எகிப்தைவிட்டுப் புறப்பட்டவர்கள் ஆறு லட்சம் ஆண்கள் என்கிறது யாத்திராகமம். அப்படியென்றால், குடும்பத்தோடு இருபது லட்சத்துக்கும் மேல். அத்தனை பேர் நாற்பது வருஷம் நடந்ததற்கு சினாயில் ஒரு தடயமும் இல்லை. வழியில் இஸ்ரவேலர் தங்கியதாக வேதம் சொல்லும் காதேஸ்பர்னேயா என்று அடையாளம் காணப்பட்ட இடத்தைத் தோண்டியும் அப்படிப்பட்ட பெருங்கூட்டம் தங்கிய அடையாளம் கிடைக்கவில்லை. 'ஆயிரம்' என்பதற்கான 'எலெப்' என்ற எபிரெயச் சொல்லுக்குக் குலம் என்றும் பொருள் உண்டு. நியாயாதிபதிகள் 6:15-ல் கிதியோன் தன் குடும்பத்தை அந்தச் சொல்லால்தான் சொல்கிறான். அப்படிப் படித்தால் எண்ணிக்கை மிகவும் சிறிதாகிவிடும். ஒரு சிறு கூட்டம் தப்பி வந்தது, அதன் நினைவு பிறகு முழு இனத்தின் நினைவானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வீடியோவை அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று குழுவில் எழுதுங்கள். கூடவே மெர்னெப்தா கல்லின் படத்தைப் போடுங்கள். அது கெய்ரோவில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.